அபாவம் முதல் அப்பளம் வரை: சிறுமளிகை வகைப்பாட்டியல், ஒரு முன்னாய்வு

இயல் 1: நோக்கும் போக்கும்

ஆய்வின் நோக்கம், இதுவரை யாரும் ஆராயாத ஒன்றை ஆராய்வது. ஏன் யாரும் ஆராயவில்லை என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பெரிய அங்காடிகளைப் பற்றி மேலாண்மைத் துறையினர் எழுதிக் குவித்துவிட்டனர். அங்கே ஒவ்வொரு வரிசைக்கு மேலும் ஒரு பலகை தொங்குகிறது. பலகையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆய்வாளர் தேவையில்லை. ஆனால் ஒரு கல்லா, ஒரு தராசு, ஒரு பல்லி, ஒரு கடைப் பையன் என்ற அளவில் இயங்கும் தெருமுனை மளிகைக் கடையில் பலகை என்ற பேச்சே கிடையாது. ஆயினும், "அண்ணாச்சி, ஒரு பாக்கெட் சீயக்காய்" என்று வாடிக்கையாளர் வாய் மூடுவதற்குள் அண்ணாச்சியின் கை பின்பக்கமாகப் போய் அதை எடுத்துவிடுகிறது. கண் போகவில்லை, கண் கல்லாவில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கைக்கு ஒரு கோட்பாடு இருந்தாக வேண்டும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். கோட்பாடு இல்லாமலே கை வேலை செய்யும் என்று ஒப்புக்கொண்டால் பல்கலைக்கழகங்களின் கதி என்ன ஆவது என்ற கவலையைத் தவிர இக்கருதுகோளுக்கு வேறு ஆதாரம் இல்லை.

கள ஆய்வு எங்கள் தெருமுனைக் கடையில் நிகழ்த்தப்பட்டது. கடைக்காரர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். ஆகவே அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கின்றனர். தகவலாளிகளின் பெயர்கள் ஆய்வறம் கருதி மறைக்கப்பட்டுள்ளன. பெயர் சொல்லாமல் சான்று காட்டுவது நமக்குப் புதிதன்று. புலவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று தொல்காப்பியர் எத்தனையோ நூற்பாக்களை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் புலவர், எந்தப் பதிப்பு, எத்தனையாம் பக்கம் என்று அவரை எந்த நெறியாளரும் அலைக்கழித்ததில்லை.

இயல் 2: முன்னோர் ஆய்வுகள்

இந்த இயலை யாரும் படிப்பதில்லை. இது இல்லாத ஆய்வேட்டை யாரும் வாங்கிக்கொள்வதும் இல்லை.

அரிஸ்டாட்டில் உலகிலுள்ள அனைத்தையும் பத்து வகைக்குள் அடக்கினார். அவர் கடை வைத்திருக்கவில்லை.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735ல் இயற்கையைக் கல், செடி, விலங்கு என்று மூன்று ராஜ்யங்களாகப் பிரித்தார். இதன்படி கல்லுப்பு முதல் ராஜ்யம், கடுகு இரண்டாவது, முட்டை மூன்றாவது. ஊதுபத்தி எந்த ராஜ்யம் என்று அவரிடம் விடையில்லை. அவருடைய மாணவர்கள் பலர் செடி தேடிக் கடல் கடந்து போய், சிலர் போன இடத்திலேயே இறந்தும் போனார்கள். ஊதுபத்திக்காக ஒருவரும் போகவில்லை என்பதை வரலாறு கவனிக்க வேண்டும்.

அமெரிக்கரான மெல்வில் டூவி 1876ல் அறிவு முழுவதையும் பத்துப் பெட்டிகளில் போட்டார். அவர் முறையில் மொழிகளுக்கான பெட்டியைத் திறந்தால் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அறை இருக்கிறது. மிச்சமுள்ள உலகம் மொத்தமும் 490 என்ற ஒரே அறையில் 'பிற மொழிகள்' என்ற சீட்டு ஒட்டிக் கிடக்கிறது. அதன் ஒரு மூலையில் 494.811 என்ற எண்ணில் தமிழ். அதே வரிசையில் முன்னால் துருக்கியும் பின்னிஷும். மேடையில் செம்மொழி, அலமாரியில் இதர. இதை எதிர்த்து நானறிய ஒரு மறியலும் நடந்ததில்லை. மறியல் செய்கிறவர்கள் நூலகத்துக்குள் வருவதில்லை, நூலகத்துக்குள் இருக்கிறவர்கள் எழுந்து வெளியே வருவதில்லை.

இனி இரு ரங்கநாதர்கள். முன்னவர் 1892ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகராக்கியது. பயிற்சிக்காக லண்டன் போனபோது அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டு விற்பனையாளர் விதவிதமான பொம்மைகளைப் பூட்டிக் காட்ட, அறிவையும் இப்படித் துண்டு துண்டாக்கிப் பூட்டலாமே என்று இவருக்குத் தோன்றியது. 1933ல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களைக் கொண்டு எந்த நூலையும் அதன் இடத்தில் உட்கார வைத்துவிடலாம் என்பது அதன் சாரம். உலகப் புகழ் பெற்ற நூலகக் கோட்பாடு ஒன்று கடையில்தான் கருக்கொண்டது என்ற இந்தச் செய்தியை நூலகவியலார் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். கடை நூலகத்துக்குக் கொடுத்ததைக் கடைக்கே திருப்பித் தருவது இவ்வாய்வின் பணிவான முயற்சி.

பின்னவர் கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன். 1983ல் சிக் ஷாம்பு நிறுவனத்தைத் தொடங்கியவர். ஷாம்பூவைப் பாட்டிலில் மட்டும் ஏன் விற்க வேண்டும், ஒரு தலைக்கு ஒரு சின்னப் பாக்கெட் போதாதா என்ற யோசனை அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணனுடையது. அதன் விளைவாக மளிகைக் கடையில் 'தொங்குவன' என்றொரு பேரினம் தோன்றி, ஷாம்பு, ஊறுகாய், பாக்கு, காப்பித்தூள் என்று பெருகி, இன்று அண்ணாச்சியின் முகத்தையே மறைத்துவிட்டது. இப்போது அவரைச் சரங்களை விலக்கித்தான் தரிசிக்க வேண்டும்.

முன்னவர் நூலை அடுக்கினார், பின்னவர் பாக்கெட்டைத் தொங்கவிட்டார். இருவரும் சோழ நாட்டுக்கும் நடுநாட்டுக்கும் இடைப்பட்ட கடலோரத்தவர். இருவரும் பெரிய ஒன்றைச் சிறு சிறு துண்டாக்கியதால் பெயர் பெற்றவர்கள். ஆகவே இரு ரங்கநாதரும் ஒருவரே என்று நிறுவ இருநூறு பக்கம் எனக்குப் போதும். இதைவிட மெலிந்த நூலில் எத்தனை ஔவையார்களைக் கட்டியிருக்கிறோம், ஒரே கபிலரை எத்தனையாக அவிழ்த்திருக்கிறோம்! ஆனால் பின்னவர் நம் காலத்தவர். படித்துவிட்டு மறுப்பு அனுப்பக்கூடும். ஆய்வுக்கு உகந்தவர்கள் மறுப்பு அனுப்ப முடியாத காலத்தில் வாழ்ந்தவர்களே.

இயல் 3: வகைகள்

கடைச் சரக்கு இரு திணைப்படும்: ஓடுகிற சரக்கு, ஓடாத சரக்கு. ஓடுகிற சரக்கு இடுப்பு உயரத்தில், கைக்கு எட்டும் இடத்தில் நின்று தேய்கிறது. ஓடாத சரக்கு மெல்ல மெல்ல மேல் தட்டுக்கு ஏறி, அங்கே தூசு படிய அமர்ந்து கீழே நடப்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பதவி உயர்வு எந்த விதிப்படி நடக்கிறது என்பதைக் கல்லூரியில் பணியாற்றும் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரிசி: மூட்டையில் இருக்கும்.

பருப்பு: பார்க்க, அரிசி.

முட்டை: சைவமா அசைவமா என்பது முடிவாகும்வரை இவ்வாய்வு முட்டையைத் தொடாது.

அப்பளம்: முழுதாக இருக்கும்வரை விற்பனைச் சரக்கு, நொறுங்கியபின் அண்ணாச்சி வீட்டுக் குழம்புச் சரக்கு. வடிவம் மாறினால் வகையும் மாறும் என்பதற்கு இது ஒன்றே சான்று. ஹெகலைத் துணைக்கு அழைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

உப்பு: கடைக்கு வெளியே. கடையை அடைத்துப் பூட்டும்போதும் உப்பு மூட்டை திண்ணையிலேயே இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். உப்பைத் திருடுவது பாவம் என்பது ஒரு கட்சி. ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கிடைக்கும் ஆதாயம் இடுப்புப் பிடிப்புக்குத் தைலம் வாங்கவே பற்றாது என்பது மறு கட்சி (கடைப் பையன், வாய்மொழி, ஐஸ் மிட்டாய் தின்றுகொண்டே). உண்மைக் காரணம் ஈரம். மழைக்காலத்தில் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியும். உள்ளே வைத்தால் பக்கத்து மூட்டையையும் நனைக்கும். ஆய்வுலகம் பாவத்தைப் பற்றி எழுதினால் நூல் விற்கும், ஈரத்தைப் பற்றி எழுதினால் விற்காது.

பெருங்காயம்: இங்கே சற்று நிற்க வேண்டும். நூலகம் ஒத்ததை ஒத்ததோடு வைக்கிறது. கம்பராமாயணம் பற்றிய நூலெல்லாம் ஓரிடத்தில் கூடி நின்று ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும்; அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. மளிகைக் கடையில் அப்படிச் செய்ய முடியாது. சோப்புக்குப் பக்கத்தில் தேயிலையை வைத்தால் மூன்றாம் நாள் தேநீரில் மல்லிகை மணக்கும். வெல்லத்தை எங்கே வைத்தாலும் எறும்பு வரும். ஆகையால் வெல்லத்துக்குப் பக்கத்தில் எறும்பு வந்தால் கெடாத எதையாவது வைக்க வேண்டும். பெருங்காயம் தன் டப்பாவைத் தாண்டி, அட்டைப் பெட்டியைத் தாண்டி, சமயத்தில் கடையையே தாண்டித் தன் இருப்பைத் தெரிவிக்கும். ஆகவே அண்ணாச்சியின் முதல் கேள்வி "இது எதைப் போன்றது?" என்பதன்று, "இதற்கு யார் பகை?" என்பது. பகையைப் பிரித்து வைத்தபின் மிஞ்சிய இடத்தில் நட்பு தானாக அடுக்கிக்கொள்கிறது. இந்தக் கோட்பாட்டை நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் அறைகள் ஒதுக்கும்போது நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருகின்றன. எழுதி வைக்கத்தான் இல்லை.

மற்றவை: மற்றவை.

இயல் 4: தலைக்கா, தாளிக்கவா?

இந்த இயலில் வருவன யாவும் நடந்தவை. போலி ஆய்வு எழுதப் புறப்பட்டவனுக்கு இதைவிட மனச்சோர்வு தரும் செய்தி வேறில்லை.

சின்னப் பாட்டிலில் அடைத்து விற்கும் தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா? கலால் வரி அட்டவணையில் முன்னதற்குத் தலைப்பு எண் 1513, பின்னதற்கு 3305. பெரிய டின்னில் இருந்தால் வாணலிக்கு, சிறிய பாட்டிலில் இருந்தால் தலைக்கு என்பது வரித்துறையின் கட்சி. சேலம் கலால் ஆணையர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2018ல் இரு நீதிபதிகள் அமர்வு கேட்டது. ஒருவர் சமையல் என்றார், மற்றவர் தலை என்றார். சரிபாதி. பிறகு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 2024 டிசம்பர் 18 அன்று, பாட்டில் சிறியதாக இருப்பதால் மட்டுமே எண்ணெய் தலைக்கு ஏறிவிடாது என்று முடிவாயிற்று. கூந்தல் எண்ணெய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாதவரை, உணவுத் தரம் உள்ளவரை, அது சமையல் எண்ணெயே.

நாடு மூச்சு விடுவதற்குள், மூன்றே நாளில், டிசம்பர் 21 அன்று ஜிஎஸ்டி மன்றம் ஜெய்சல்மரில் கூடி பாப்கார்னை எடுத்துக்கொண்டது. உப்பும் காரமும் போட்டு உதிரியாகக் கொடுத்தால் 5 சதவீதம். அதையே பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டினால் 12. சர்க்கரைப் பாகில் புரட்டினால் அது மிட்டாய் இனம், 18. பரோட்டாவின் கதை அதற்கும் முந்தியது: 2020ல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம், பரோட்டா ரொட்டியின் இனத்தில் சேராது, 18 சதவீதம் கட்டு என்றது. ரொட்டிக்கு அப்போது 5.

அண்ணாச்சியிடம் கேட்டேன்: இந்தச் சின்னப் பாட்டிலை வாங்குகிறவர்கள் தலைக்கு வாங்குகிறார்களா, தாளிக்க வாங்குகிறார்களா?

"வாங்கிட்டுப் போய் என்ன செய்யுதாகன்னு நான் பின்னாலயேவா சார் போக முடியும்?" என்றார்.

தீர்ப்பின் நீளத்தைக் கழித்துவிட்டால் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கான வரியும் 5 சதவீதமாகக் குறைந்து சமையல் எண்ணெயோடு சமமாகிவிட்டது. பாக்கெட்டில் அடைத்த உப்புக்காரப் பாப்கார்ன் 5க்கு இறங்கியது. பரோட்டாவுக்கு வரியே இல்லாமல் போயிற்று. வகைப்பாட்டுச் சிக்கலைத் தீர்க்க வகைப்பாட்டியல் வல்லுநர் யாரும் தேவைப்படவில்லை என்பது இத்துறைக்கு நேர்ந்த பேரிழப்பு.

இயல் 5: மூலபாடச் சிக்கல்

கடையின் வகைப்பாட்டைக் கடைக்குள் மட்டும் தேடுவது பிழை. சாமான் சிட்டை என்றோர் இலக்கிய வகை உண்டு. உச்சியில் பிள்ளையார் சுழி. முதல் சரக்கு மஞ்சள். வீட்டில் மூன்று மாதத்துக்கு மஞ்சள் இருந்தாலும் முதல் சரக்கு மஞ்சளே. அது பொருளன்று, மங்கல வாழ்த்து. பிறகு பருப்புகள், பிறகு தாளிக்கிறவை, பிறகு எண்ணெய், கடைசியில் சோப்பு. சோப்புக்குப் பிறகு எழுதப்படுவன யாவும் பிற்சேர்க்கை. சிட்டை கைமாறித் தெருவில் பாதி தூரம் போனபின் மாடியிலிருந்து கூவப்படுவது புறனடை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிட்டையில் ஆறாம் வரி: 'க.மாவு அரை கிலோ'.

இதில் உரைகாரர் மூவர். கடைப் பையன் கடலை மாவு என்று கொண்டான். நாளோ மழை நாள், மாலை வேளை, அடுத்த வரியில் வாழைக்காய் இருக்கிறது, ஆகவே பஜ்ஜிக்கு என்பது அவன் துணிபு. கல்லாவில் இருந்த அண்ணாச்சியின் மனைவி அதை மறுத்து, அந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை நோய், ஆகவே கம்பு மாவு என்றார். அண்ணாச்சி இரு உரையையும் கேட்டுவிட்டு, கேழ்வரகு மாவு கையிருப்பில் அதிகம் இருந்தமையால், கேழ்வரகு மாவே என்றார். 'கே' என்பது 'க' ஆனதற்கு, எழுதியவரின் பேனாவில் கொம்புக்கு மை பற்றவில்லை என்று காரணமும் காட்டினார். தன் சரக்குக்கு ஏற்ப மூலத்தைத் திருத்துவதில் அவர் காட்டிய துணிச்சலைக் கண்டபோது, பழைய பதிப்புரைகள் சில எனக்கு முதன்முறையாகப் புரிந்தன.

அன்று மாலை அந்த வீட்டில் கேழ்வரகு பஜ்ஜி போட்டார்கள் (மூலப்படி: கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், நான்காக மடித்தது, இரண்டாம் மடிப்பில் ஓட்டை, பின்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதில் அடித்தல் திருத்தல், கீழ் வலது மூலையில் பச்சை மெழுகுக் குச்சியால் ஒரு யானை. யானை வேறு கை. இடைச்செருகல் என்பதில் ஐயமில்லை. அதற்கு வால் இரண்டு இருப்பதால் அதுவும் ஒரே காலத்தது அன்று).

இயல் 6: அபாவம்

கணாதர் கண்ட வைசேஷிகம் உலகப் பொருள்களை ஆறாகப் பகுத்தது. பின்னால் வந்தவர்கள் யோசித்துப் பார்த்து ஏழாவதாக அபாவத்தைச் சேர்த்தார்கள். இல்லாமையும் ஒரு பொருள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்குப் போகாதவர்கள். கடையில் இருக்கும் சரக்கை எண்ணிவிடலாம். இல்லாத சரக்குக்கு எல்லையே கிடையாது. அதை வகைப்படுத்தாமல் ஒருவர் எப்படிக் கடை நடத்த முடியும்?

தருக்க நூலார் அபாவத்தை நான்காக்கினர். நான்கையும் ஒரே காலைப் பொழுதில், கடை வாசலில் நின்றபடி கள ஆய்வில் பெற்றேன்.

முதலாவது பிராகபாவம், அதாவது ஒன்று தோன்றுமுன் உள்ள இன்மை. வனையப்படாத குடம். அண்ணாச்சியின் வாய்ப்பாடு: "நாளைக்கு வந்துரும் சார்." இவ்வின்மைக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு என்பது சாத்திரம், குடத்தை வனைந்ததும் அது முடிந்துவிடும். அண்ணாச்சி கடையில் கோதுமை ரவையின் பிராகபாவத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். தொடக்கம் இல்லை என்பது சரி. முடிவு உண்டு என்ற பகுதியைத் தருக்க நூலார் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இரண்டாவது பிரத்வம்சாபாவம், அழிந்தபின் உள்ள இன்மை. உடைந்த குடம். "இப்பதான் சார் தீந்துச்சு. உங்களுக்கு முன்னால வந்தவுக கடைசி பாக்கெட்ட வாங்கிட்டுப் போறாக." இந்த முன்னால் வந்தவர் யார் என்பது தனி ஆய்வுக்குரியது. எந்த நேரத்தில் போனாலும், எந்தச் சரக்கைக் கேட்டாலும் அவர் நமக்குச் சற்று முன்னதாக வந்து போயிருக்கிறார். அவரை நான் கண்டதில்லை, அனுமானத்தால் மட்டுமே அறியப்படுபவர் (கடன் நோட்டு, நீல அட்டை, பதினான்காம் பக்கம், அப்பக்கத்தின் கீழ்ப்பாதி காணப்படவில்லை. கடைப் பையனை விசாரித்ததில், அது பட்டாணி மடிக்கப் பயன்பட்டுக் கீழ்வீட்டுக்குப் போனதாகவும், கீழ்வீட்டில் விசாரித்ததில் அவர்கள் பட்டாணி வாங்கவே இல்லை, முன்னால் வந்தவர் வாங்கிப் போய்விட்டார் என்று சொல்லப்பட்டதாகவும் அறிகிறோம்). இந்த வகையில் சூடம் ஒரு தனி நிலை. அதை யாரும் வாங்காமலே, யாரும் கொளுத்தாமலே, காற்றுப் புகும் பொட்டலத்தில் சும்மா வைத்தாலே கரைந்து போகும். திடப்பொருள் நீராகாமல் நேரே ஆவியாகும் இயல்பு அதற்கு. விற்காமலே தீரும் ஒரே சரக்கு. இதை நட்டம் என்று அண்ணாச்சி சொல்கிறார். தத்துவம் இதை முக்தி என்று சொல்லும்.

மூன்றாவது அத்தியந்தாபாவம், முக்காலத்தும் இன்மை. காற்றில் நிறம் இல்லாததைப் போல என்பார்கள். ஆலிவ் எண்ணெய் கேட்டேன். "அதெல்லாம் இங்க ஓடாது சார்." முன்பும் இல்லை, இப்போதும் இல்லை, இனியும் இல்லை. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மனம் அமைதியாகத் திரும்பிவிடும். நான்கு இன்மைகளிலும் நேர்மையானது இது ஒன்றே.

நான்காவதுதான் ஆபத்தானது. அன்னியோன்னியாபாவம்: ஒன்று இன்னொன்றாக இல்லாமை. குடம் துணி அன்று, துணி குடம் அன்று. பொருளுக்குப் பொருள் வேற்றுமை உண்டு என்று நிறுவுவதற்காகவே தருக்க நூலார் இதை வகுத்தனர். நான் சோம்பு கேட்டேன். அண்ணாச்சி சீரகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அது இல்ல, இது இருக்கு" என்றார். சோம்பு சீரகம் அன்று என்பதை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க. வேற்றுமையை முழுமையாக ஏற்றுக்கொண்டு, பொட்டலத்தை மடித்துக்கொண்டே, தன் மகாவாக்கியத்தை அருளினார்: "ரெண்டும் ஒண்ணுதான் சார்." ஒரே மூச்சில் நையாயிகராகத் தொடங்கி அத்வைதியாக முடித்தவர் இந்தியத் தத்துவ வரலாற்றில் வேறு யாரும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பல் பொடி கேட்டவருக்குப் பற்பசையும், நூல் கேட்டவருக்குச் சணலும், பொட்டுக்கடலை கேட்டவருக்கு நிலக்கடலையும் இவ்வாறே ஒன்றாகியுள்ளன (நாட்காட்டித் தாள், கிழித்தது, பின்புறம், பென்சில் எழுத்து, இதன் சுருங்கிய வடிவம் தீப்பெட்டி அட்டையின் உட்புறத்தில் கிடைக்கிறது, இரண்டுக்கும் மூலமான படி அரிசி மூட்டையின் மேல் கரியால் எழுதப்பட்டிருந்து, மூட்டை காலியானதும் கோணியோடு விற்கப்பட்டது. அந்தக் கோணி இப்போது எந்த ஊரில் எதைச் சுமக்கிறதோ, அதைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு இவ்வாய்வில் இணையாசிரியர் இடம் உண்டு. இணையாசிரியர் ஆவதற்கு இதைவிடக் குறைவாகச் செய்தவர்களை நானறிவேன்).

நான்கோடு நிறுத்தியதில் தருக்க நூலார் களப்பணி செய்யவில்லை என்பது தெரிகிறது. ஐந்தாவது ஒன்று உண்டு. "இருக்கு சார், எங்கன்னுதான் தெரியல. ஏல, உள்ள பாரு." உள்ளே போன பையன் வரவில்லை, சற்று நேரத்தில் அவனும் அதே வகையில் சேர்ந்துவிட்டான். பொருள் உளது, ஆனால் கைக்கு இல்லை. தன் இடம் தவறி வேறு அலமாரியில் செருகப்பட்ட நூலைப் பற்றி நூலகர்கள் சொல்வது இதையே. எந்த வகைப்பாட்டு முறைக்கும் இதுதான் சோதனை. எந்த முறையும் இதில் தேறியதில்லை.

ஒரு குறுக்கீடு: வாடிக்கையாளர் தரப்பில் அபாவத்துக்கு வேறு மொழி உண்டு. வீட்டில் அரிசி, உப்பு, மஞ்சள் தீர்ந்தால் 'இல்லை' என்று வாயால் சொல்லக் கூடாது. 'நிறைஞ்சிருக்கு' என்றே சொல்ல வேண்டும் என்பது பல வீட்டு வழக்கம். எதிர்வீட்டுச் சிறுமி வந்து, "அம்மா அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொல்லச் சொன்னாங்க" என்றதும் அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் ஐந்து கிலோ நிறுத்துக் கட்டினார். தருக்கம் முறையாகப் பயின்ற ஒருவர் கல்லாவில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை வாழ்த்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கும். இதே கடையில் விளக்கு வைத்தபின் ஊசி கேட்டாலும் கிடைக்காது. பெட்டி நிறைய ஊசி இருக்கும். காலையில் இருந்தது, நாளைக் காலையில் இருக்கும், அந்திக்கு மட்டும் இருக்காது. சீர்காழி ரங்கநாதன் ஐந்தாம் முகமாகக் காலத்தை வைத்ததன் அருமை எனக்கு அந்த ஊசிப் பெட்டியின் முன்னால்தான் விளங்கிற்று.

ஆறாவது வகையை எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. சீனி கேட்டேன். "இல்ல சார்." அடுத்து நின்ற அம்மாள், "அண்ணாச்சி, சீனி ரெண்டு கிலோ" என்றார். நிறுத்துக் கொடுக்கப்பட்டது. நான் பார்த்தேன். அண்ணாச்சியும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அது அக்காவுக்கு எடுத்து வச்சது" என்றார்.

ஒரே நேரத்தில், ஒரே தட்டில், ஒரே சீனி, ஒருவருக்கு உளது, ஒருவருக்கு இலது. வைசேஷிகம் இங்கே கைவிரித்துவிடும். சமணரின் சப்தபங்கியைக் கொண்டுவர வேண்டும்: ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் உண்டும் இல்லையும், ஒருவகையில் சொல்லொணாதது என்று அது ஏழு படி ஏறும். ஆனால் 'ஒருவகையில்' என்றால் எவ்வகையில் என்பதற்கான திறவுகோல் சமண நூல்களில் இல்லை. நீல அட்டை போட்ட கடன் நோட்டில், என் வீட்டு எண்ணுக்கு நேரே, சிவப்பு மையில் கோடிட்ட ஒரு தொகையாக இருக்கிறது. ஆளுமை என்னும் முதல் முகம் இங்கே செயல்படுகிறது என்க.

ஆறாம் அபாவத்தை முழுமையாக ஆராய அந்தத் தொகையை முதலில் தீர்த்தாக வேண்டும். நிதிநல்கை கேட்டு விண்ணப்பிக்கப் படிவம் வாங்கினேன். பயணச் செலவு, நூல்கள், கருவிகள், தட்டச்சு, களப்பணி உதவியாளர் என்று கட்டங்கள் இருந்தன, எதிலும் அடங்கவில்லை. கடைசிக் கட்டம் 'இதர (விவரம் குறிப்பிடுக)' என்றிருந்தது. விவரம் குறிப்பிட முடிந்தால் அது எப்படி இதர ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டேன். விவரம் குறிப்பிடாத இதரவுக்கு வேறு படிவம் உண்டு என்றார்கள். எனக்கு முன்னால் வந்தவர் கடைசிப் படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நாளைக்கு வந்துவிடுமாம்.